ஓட்டுனவன் என்ன ஆளு?

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் பயனுள்ளதாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பட்டா மாறுதலும் நில அளவையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கூடவே கணினி வேறு இருக்கிறது. ஆகவே எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். ஊரில் ஒரு கொடுமை நடந்தால் ஊர் முதலில் என்ன கேட்கும்? செத்தது யார் என்று கேட்கும் என்று நினைத்தால், நீங்கள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் திருநெல்வேலியில் வட்டாட்சியராக இருந்தபோது நடந்தது இது. பணி ஓய்வு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். டவுணில் ரதவீதியை ஒட்டிய ஒரு கடைத்தெருவில், சாயங்காலம், கால் வைக்க இடமில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவன் சரக்கு வண்டியை விட்டான். குட்டியானை என்று நம்மூரில் சொல்வோமே, அந்தச் சின்ன வண்டி. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. தெருமுனையில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து, அதன்பிறகுதான் மிதித்தான் என்று நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரு மின்கம்பம்தான் வண்டியை நிறுத்தியது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அடிபட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த அம்மாளுக்கு ஊரைத் திட்ட மட்டும்தான் தெரியும் என்று நினைப்பீர்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் புதுச் சேலைக் கட்டுகளைப் பிரித்துக் காயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அல்வாக் கடை அண்ணாச்சி ஒருவர், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, பெயர்கூடத் தெரியாத இரண்டு பேரைத் தன் கார் பின்சீட்டில் படுக்க வைத்து மருத்துவமனைக்கு ஓட்டினார். ஆட்டோக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து ஆட்களை ஏற்றிப்போனார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசை மருத்துவமனை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. அந்த வரிசையில் யாரும் யாரையும் நீ என்ன ஆளு என்று கேட்கவில்லை. என்ன குரூப் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஊர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்த நேரம் அது. அதை ஆற அமர அனுபவிக்க விடவில்லை. செல்பேசி அடித்தது.

அழைத்தவர் ஒரு பிரமுகர். "எத்தன பேரும்மா?" என்றார். ஐந்து என்றேன். "அடடா," என்றார். அந்த அடடாவுக்கு ஒரு மூச்சு விடும் அளவுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, "ஓட்டுனவன் என்ன ஆளு?" என்றார்.

தெரியாது என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது. அடுத்தடுத்து வந்த அழைப்புகளில் அடடாவும் உதிர்ந்துபோய், கேள்வி மட்டும் தனியாக வர ஆரம்பித்தது.

காவல்துறை அவன் பெயரை வெளியே விடவில்லை. உள்ளூர் நிலையத்தில் வைக்காமல் வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். நம் ஊர் அறிஞர்கள் அதனால் சோர்ந்து போகவில்லை. வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு படத்தை வைத்து அவன் இன்ன ஆள்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வண்டி கைமாறி வந்தது, படம் பழைய முதலாளி ஒட்டியது என்பதெல்லாம் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலான சில்லறை விவரங்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாச் செல்பேசியிலும் முடிவு வெளியாகிவிட்டது. ஒரு பக்கத்தார் கொதித்தார்கள். இன்னொரு பக்கத்தார் கடைகளைத் திறக்கலாமா வேண்டாமா என்று பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் மருத்துவமனைக்குப் போகிறேன், வாசலில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் கட்டியாகிவிட்டது. பெரிய படம் யாருடையது என்று கேட்காதீர்கள். செத்துப்போனவர்கள் அடியில், தபால்தலை அளவில், மூச்சுவிட இடமில்லாமல் இருந்தார்கள்.

இறந்தவர்களில் நான்கு பேரின் குடும்பத்தார் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் உடலைப் பெற்றுக்கொண்டு அழுதபடி போய்விட்டார்கள். ஐந்தாவது, முக்கூடலைச் சேர்ந்த பேச்சியம்மாள். பீடி சுற்றுகிற பெண். மகள் செல்விக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தலைத் தீபாவளிக்கு வரும் மருமகனுக்கு வேட்டி எடுக்க டவுணுக்கு வந்திருக்கிறாள். அவள் உடலை மட்டும் வாங்க மாட்டோம் என்று பிணவறை வாசலில் பெருங்கூட்டம்.

அவளுடைய புருஷன் இசக்கிமுத்து அங்கேதான் இருந்தார். வயல்களில் கூலிக்கு வேலை செய்கிறவர். ஒரு வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள். ஆறுதலுக்கு நிற்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடவே நகர்ந்தார்கள். காவலுக்கு நிற்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு சமுதாயச் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பு. செத்தவள் அவருடைய சமுதாயம். அதனால் துக்கம் மொத்தமும் அவருக்கு ஒதுக்கப்பட்டதாக அவர் எண்ணம்.

"தாசில்தாரம்மா, நாங்க ஒடம்ப வாங்க மாட்டோம்," என்றார். "ஓட்டுனவன் பேர ஏன் மறைக்கிய? அவன் எந்தக் கூட்டம்னு ஊருக்கே தெரியும். நீங்க வாயால சொல்லணும். சொன்னப்பொறவுதான் மத்ததெல்லாம்."

"குடும்பத்துல என்ன சொல்லுதாங்க?" என்றேன்.

"குடும்பம்னா நாங்கதான்."

மரத்தடியில் இருந்த மனிதர் தலையைத் தூக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் காவல்துறை துணைக் கண்காணிப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இளைஞர், நல்ல மனிதர். விசாரணை முடிந்துவிட்டது என்றார். ஓட்டியவனின் பெயரையும் ஊரையும் சொன்னார். தெருவில் வண்டியை நிறுத்திய தகராறில் யாரோ அவனைப் பலபேர் பார்க்கக் கன்னத்தில் அடித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் செய்தேன் என்று சொல்லியிருக்கிறான். அடித்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

"மேடம், இதுல வேடிக்கை என்னன்னா," என்று குரலைத் தாழ்த்தினார், "அவன் இவங்க ஆளுதானுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் வெள்ளைச் சட்டையைக் கண்ணால் காட்டினார்.

"அதே ஆளு. நீங்க மைக்கைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். கூட்டம் அப்படியே கலைஞ்சிரும். தலைவருக்கு வாயடைச்சுப் போகும்."

சபலம் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. தலைவரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்கவே இனிப்பாக இருந்தது. நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். கையில் சரியான விடை இருக்கும். அதைச் சொன்னால் பிரச்சினை அந்த நிமிஷமே தீரும். மேலதிகாரிகள் பாராட்டுவார்கள்.

நான் சொல்லவில்லை. கூட்டம் கலையும், சரி. கலைந்து எங்கே போகும்? எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவார்கள் என்று எண்ண நான் அந்த வேலையில் அவ்வளவு புதியவள் இல்லை. அவன் ஊரில் அவனுடைய மனைவியும் மாமியாரும் இருக்கிறார்கள் என்று துணைக் கண்காணிப்பாளரே சொன்னார். பெயர் வெளியே போகும் முன் அந்த வீட்டுக்குக் காவல் போட வேண்டும். இது ஒரு காரணம்.

இன்னொன்றும் இருந்தது. இன்றைக்கு விடை எனக்குச் சௌகரியமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு தெருவில் வேறொருவன் வண்டியை விடுவான். அப்போது விடை சௌகரியமாக இருக்காது. அது தேவையில்லாத கேள்வி என்று அன்றைக்கு நான் சொன்னால், நேற்று மட்டும் மைக்கைப் பிடித்துச் சொன்னாயே என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால், அது நியாயமான கேள்வி என்று அரசாங்கமே முத்திரை குத்தியதாகிவிடும்.

துணைக் கண்காணிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "அப்ப என்னங்க மேடம் பண்றது?" என்றார்.

"ஒருத்தர்கிட்ட இன்னும் யாரும் எதுவும் கேக்கலை. அவர்கிட்டக் கேப்போம்," என்றேன்.

அடையாளம் காட்டக் குடும்பத்தார் வர வேண்டும் என்று இசக்கிமுத்துவைக் கூப்பிட்டேன். உண்மையில் அது செய்ய வேண்டிய வேலைதான். மணிமுத்தாற்றில் உள்ள புகுந்த வீட்டிலிருந்து மகள் செல்வியும் அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு பேரும் நடக்க, தலைவரும் சேர்ந்து நடந்தார்.

"நீங்க பேச்சியம்மாளுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டேன்.

"சமுதாயம்."

"அந்த முறைக்கு உள்ள இடம் இல்ல, அண்ணாச்சி. பைய இங்கன உக்காருங்க."

அடையாளம் காட்டி முடிந்து, செவிலியர்கள் உடை மாற்றும் சின்ன அறையில் அப்பாவையும் மகளையும் உட்காரவைத்தேன். செல்வி அழுது முடித்திருந்தாள். இசக்கிமுத்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். "அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்மா," என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா அவங்க சொல்லுததையும் கேக்கணும்லா. நாளைக்கு நல்லது கெட்டதுன்னா அவங்கதான வருவாங்க," என்றார்.

"கெட்டது நேத்தே வந்துட்டுப்பா," என்றாள் செல்வி. "வந்தவங்க என்ன செஞ்சாங்க? அம்மை போட்டோவ வாங்கிட்டுப் போயி போர்டு அடிச்சிருக்காங்க. அதுல அம்மைய எங்கன இருக்கான்னு தேட வேண்டியிருக்கு."

"ஏட்டி, சத்தம் போடாத. நாம ஊருல இருக்கணும்."

"அம்மையும் ஊருக்குத்தான்பா வரணும்."

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒரு கவருமெண்டு வேலை வாங்கித் தாரோம்னு சொல்லுதாங்கம்மா. ஒடம்ப வாங்கிட்டா அது போயிருமாம்."

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். வேலை கட்டாயம் கிடைக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பார். பலபேர் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு மாறுதலாகிப் போய்விடுவார்கள். நான் சொன்னது இதுதான்: "நிவாரணம் அறிவிச்சாச்சு. அது நீங்க ஒடம்ப வாங்கினாலும் வாங்காட்டாலும் வரும். வேலை வரும்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அவங்களுக்கும் கிடையாது. இன்னைக்கு என் கையில இருக்கது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, யாரும் தடுக்காம நான் பாத்துக்கிடுதேன். வேண்டாம்னாலும் சரிதான். உங்கள யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

  வெளியே கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது. கோஷத்தில் பேச்சியம்மாள் என்ற பெயர் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"போயிருவோம்மா," என்றார் கடைசியில்.

இனி எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. காவலர்களை வைத்துக் கூட்டத்தைத் தள்ளி வழி செய்யலாம். மறுநாள் உடலைப் போலீஸ் கடத்தியது என்று தலைப்புச் செய்தி வரும். அதற்கப்புறம் கடைத்தெரு எரிந்தாலும் ஆச்சரியமில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அமைச்சர் வந்துகொண்டிருக்கிறார். முன்வாசல் வழியாக நுழைந்து காயம்பட்டவர்களைப் பார்ப்பார். தொலைக்காட்சிகள் எல்லாம் முன்வாசலில் இருக்கும்.

அமைச்சர்கள் வருகை நிவாரணப் பணிக்கு இடைஞ்சல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றோடு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

நேராகத் தலைவரிடம் போனேன். "அண்ணாச்சி, அமைச்சர் வாராரு. முன்வாசல்லதான் எறங்குதாரு. பிணவறைப் பக்கம் வர மாட்டாரு. சமுதாயத்துச் சார்பா நீங்க அங்கன நின்னு மனு கொடுத்தா நல்லாருக்கும்."

"டிவிக்காரங்க?"

"எல்லாரும் அங்கனதான்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. துக்கம் தாங்காமல் காலையிலிருந்து கலங்கி நின்றவர், பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். "ஏலே, எல்லாரும் முன்பக்கம் வாங்கலே," என்று ஒரு குரல் கொடுத்தார். கூட்டம் அப்படியே எழுந்து போனது. இசக்கிமுத்துவுக்குக் காவல் நின்ற இருவரும் போனார்கள். அமைச்சரோடு படத்தில் நிற்கக் கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, செத்தவளின் புருஷனைக் காக்க யாருக்கு மனம் வரும்?

துணைக் கண்காணிப்பாளருக்கு மட்டும் கவலை. "பின்னாடி பிரச்சினையானா உங்க வேலை போயிரும்ங்க," என்றார். உங்கள் ஆட்கள் ஒருவரும் கண்ணில் படக் கூடாது, அதுதான் நீங்கள் செய்ய வேண்டிய உதவி என்றேன். புரிந்துகொண்டார். இசக்கிமுத்து தானே காகிதத்தில் கையெழுத்திட்டு, தானே ஒரு பக்கம் தூக்கி, மனைவியை அமரர் ஊர்தியில் ஏற்றினார். செல்வி உள்ளே ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்வாசல் வழியாக வண்டி வெளியேறியது. என் ஜீப் பின்னால் போனது. சங்கும் இல்லை, கோஷமும் இல்லை.

பாதி வழியில் இசக்கிமுத்துவின் செல்பேசிக்குத் தலைவர் அழைத்ததாகச் செல்வி பிறகு சொன்னாள். போலீஸ் கடத்திவிட்டதாக ஒரு வார்த்தை சொல், டிவியில் போடுகிறேன் என்றாராம். அதற்கு அவர், "நாந்தான் கூட்டிட்டுப் போறேன், அண்ணாச்சி. எம் பொண்டாட்டிதான," என்று சொல்லி வைத்துவிட்டாராம். அந்த இரண்டு நாளில் அவர் யாரையாவது எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். மாவட்டத்தின் அமைதி அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது. ஆனால் அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் வாங்கியவர்கள் வேறு.

ஓட்டியவனின் வீட்டுக்குக் காவல் போட்ட பிறகு, அவனுடைய பெயரைக் காவல்துறை முறைப்படி வெளியிட்டது. அதன்பின் நடந்ததையும் கேளுங்கள். ஈவு இரக்கமற்ற கொலைகாரன் என்று முழங்கிய தலைவர், மன உளைச்சலால் பாதிக்கப்பட்ட ஏழைத் தொழிலாளி என்று அறிக்கை விட்டார். ஒரே இரவில் கொலைகாரன் நோயாளியாகிவிட்டான். அதுவரை அமைதி வேண்டும், பொறுமை வேண்டும் என்று பயந்திருந்த எதிர்ப்பக்கத்தாருக்கு, அன்று காலையில்தான் ஐந்து உயிர்களின் அருமை தெரியவந்து, கண்டனக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டார்கள். வார்த்தைகள் அதேதான். பேசுகிற வாய்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டன. ஆனால் உடல் ஏதும் பிணவறையில் இல்லாததால், கூடி நிற்க அவர்களுக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. ஒரு கடைக்கண்ணாடிகூட உடையவில்லை. எனக்கும் மரியாதை செய்தார்கள். நிலமெடுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேச ஆள் கிடையாது. நல்ல காற்று வரும்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. உங்களிடம் நான் சொல்ல நினைத்தது, அன்று மதியம் முக்கூடலில் நடந்தது.

வண்டி போய் நின்றபோது தெருவே காத்திருந்தது. எந்தத் தெருக்காரர்கள் எல்லாம் அந்தத் தெருவுக்குள் வழக்கமாக வரமாட்டார்களோ, அவர்களும் வந்திருந்தார்கள். பீடிக் கடையில் அவளோடு மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றிய பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பதாகை இல்லை. ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தோம். செல்வி தலைமுழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"சொல்லுங்க."

அதிகாரப்பூர்வமாக வெளியிடும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது. நானே காலையில் அதற்காக அவ்வளவு வாதாடினேன். ஆனால் காலையில் கேட்டவர்கள் அந்தப் பெயரை வைத்துக் காரியம் பார்க்க வந்தவர்கள். இவள் பேச்சியம்மாளின் மகள். விதி எல்லாருக்கும் ஒன்று என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நானும் படித்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் அவளிடம் சொன்னேன். நான் செய்தது சரியென்று உங்கள் தேர்வுத்தாளில் எழுதாதீர்கள், மதிப்பெண் கிடைக்காது.

ஊரின் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஊருலதான் எங்க அத்தையக் கெட்டிக் குடுத்துருக்கு," என்றாள். "அப்பாவுக்கு அங்கன எல்லாரையும் தெரியும். இவனையும் தெரிஞ்சிருக்கும்."

ஆற்றுப் பக்கமிருந்து ஆண்கள் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து, கால் கழுவுகிறவர்களுக்காக வாசலில் தண்ணீர் எடுத்து வைத்தாள். பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பாகிட்ட இப்பச் சொல்லிராதிய. நான் பொறவு சொல்லிக்கிடுதேன். தெரிஞ்சா அவரு அந்தாளப் பத்தியே நெனச்சிட்டுக் கெடப்பாரு. இன்னைக்கு அவரு எங்கம்மைக்கு அழட்டும்."